என் வீட்டுக்காரருக்குள் ஓடும் நாத்தனார்

பேருந்து நிலையத்தின் கடைசி நடைமேடைக்குப் பின்னால், கழிப்பறைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஓர் அறை இருக்கிறது. தொலைந்த பொருட்கள் அலுவலகம் என்று வெளியே எழுதியிருக்கும். அதற்குள் என் நாத்தனார் உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றி இரும்பு ரேக்குகள். குடைகள், ஹெல்மெட்டுகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட், ஒரு ஜோடி ஊன்றுகோல். ஊன்றுகோலோடு பஸ் ஏறிய ஆள் அதை விட்டுவிட்டு எப்படி இறங்கி நடந்து போனார் என்று நான் ஒருமுறை கேட்டேன். "அது அந்த ஆளோட கவலை. கேட்டு வந்தா குடுப்பேன்" என்றார்.

டிரைவர்களும் கண்டக்டர்களும் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஜப்தி. அவர் மேஜைக்குப் போன பொருள் லேசில் திரும்பாது. பையைத் தேடி வந்தவர் கவுன்டருக்கு வெளியே நின்று, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவர் கண்ணெதிரே ஜிப்பை இழுப்பார். விதிப்படி முன்பே திறந்து முகவரி தேடலாமாம். இவர் தேட மாட்டார். நாற்றம் அடித்தால் ஒழிய, சொந்தக்காரர் வராமல் அங்கே ஒரு பையும் திறக்கப்பட்டதில்லை. ஒருநாள் ஓர் அம்மா வந்து, தன் வீட்டுக்காரர் தொலைத்த பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். "பெட்டி அவரோடது. அவர வரச் சொல்லுங்க" என்று இவர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த அம்மா திட்டிய திட்டு அடுத்த நடைமேடை வரை கேட்டதாம். எனக்கு அந்த அம்மாவின் பக்கம்தான் நியாயமாகப் பட்டது.

நான் கேஸ் ஏஜென்ஸியில் போன் எடுப்பவள். சிலிண்டர் வரவில்லை என்று நாள் முழுக்கத் திட்டு வாங்கி, திருப்பித் திட்ட வழியில்லாமல் வீட்டுக்கு வருவேன். அந்த மிச்சத்தைக் கொட்டித் தீர்க்க எனக்கு வாய்த்தவர் நாத்தனார்தான். அவரும் சளைத்தவர் இல்லை. இரண்டு தெரு தள்ளி வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து என் ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே இருப்பதை எல்லாம் முகர்ந்து பார்ப்பார். "இது எப்ப செஞ்சது?" என்பார். "பையைத் திறக்க மாட்டீங்க, ஃபிரிட்ஜை மட்டும் திறப்பீங்களா அண்ணி?" என்பேன். "இது என் தம்பி வீட்டு ஃபிரிட்ஜ்" என்பார். இப்படியே மத்தியானம் வரை போகும். அவருக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. ஒத்துவரவில்லை. அந்த மனிதரை அவருடைய அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். விசாரித்தவர்களிடம், "உரியவங்ககிட்ட ஒப்படைச்சாச்சு" என்றார். அந்தப் பேச்சுக்காக மட்டும் எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவர் வாயில் அடிக்கடி வரும் வசனம் ஒன்று உண்டு. என் வீட்டுக்காரர் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால், "ஓடுறது என் ரத்தம்டா, ஞாபகம் இருக்கட்டும்" என்பார். நாங்கள் இருவரும் சண்டை போட்டால், "என் ரத்தத்தை ஏண்டி கொதிக்க வைக்கிற?" என்று என்னைக் கேட்பார். இது வெறும் பேச்சு இல்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில் அவர் உடம்பில் ரத்தம் ஊறுவது நின்றுபோனது. எலும்புக்குள் ரத்தம் உற்பத்தியாகும் இடமே வறண்டுவிட்டது. அக்காவின் எலும்பு மஜ்ஜை தம்பிக்குப் பொருந்தியது. அக்காவை மயக்கி, இடுப்பெலும்பில் ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். தம்பிக்கு அதை ஒரு பையில் மாட்டிச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். ஏசி மெக்கானிக் ஆனார், என்னைக் கட்டினார், மகள் பிறந்தாள். அந்த வைத்தியம் முழுவதும் வீட்டில் ஒரு கேலிப்பேச்சாகத் தேய்ந்துபோனது. அது ஒரு வைத்தியம் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. எல்லாக் குழப்பமும் அங்கேதான் ஆரம்பம்.

என் மாமியார் மார்பகப் புற்றுநோயில் போனவர். அவருடைய தங்கை, அதாவது இவர்களுடைய சித்தி, சினைப்பையில் அதே நோய் வந்து போன வருஷம் போனார். சித்திக்கு வைத்தியம் பார்த்த பெரிய ஆஸ்பத்திரியில், குடும்பம் குடும்பமாக வரும் புற்றுநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பிரிவு ஒன்று இருக்கிறது. சித்தியின் ரத்தத்தை ஏற்கெனவே சோதித்து, ஒரு மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் போனோம்.

அங்கே ஆலோசகர் என்று ஒரு பெண் இருந்தார். பொறுமைசாலி. எங்கள் ஏஜென்ஸியில் போன் எடுக்க வந்தால் அரை நாள் தாங்க மாட்டார். அந்தப் பிழை மாமியாருக்கும் இருந்திருக்கலாம் என்றார். அப்படி இருந்திருந்தால் அது பிள்ளைகளுக்கு வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, வராமல் போயிருக்கவும் அதே அளவு வாய்ப்பு உண்டு. வந்திருந்தால் நோய் வந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் பெண்களுக்கு ஆபத்து அதிகம். முன்கூட்டியே தெரிந்தால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம், தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்து தடுக்கலாம்.

நாத்தனார் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுக் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம்மா. எங்கம்மா தெரியாமதான் இருந்தாங்க. கடைசி வருஷம் தவிர எல்லா வருஷமும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா நான் சிரிக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்."

"அது உங்க உரிமை. நாங்க வற்புறுத்த மாட்டோம். எப்ப கேக்கணும்னு தோணுதோ அப்ப வாங்க" என்றார் ஆலோசகர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்துகொண்டால் தப்பிக்கலாம் என்கிறபோது கண்ணை மூடிக்கொள்கிறேன் என்பவரை என்ன சொல்வது? பஸ்ஸில் வரும்போது கேட்டேவிட்டேன். "அது என் பை. நான் திறக்கல. உனக்கென்னடி?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

என் வீட்டுக்காரர் மகளுக்காகச் சோதனைக்கு ஒப்புக்கொண்டார். இன்னொரு நாள் நாங்கள் இருவர் மட்டும் போனோம். ரத்தம் எடுக்கும் முன் ஆலோசகர் வரிசையாகக் கேள்வி கேட்டார். சர்க்கரை இருக்கிறதா? இல்லை. சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டீர்களா? இல்லை. உறுப்பு மாற்று, பெரிய ஆபரேஷன் ஏதாவது? இல்லவே இல்லை, உடம்பில் கத்தியே பட்டதில்லை என்று இவர் பெருமையாகச் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். பொய் இல்லை. இவர் உடம்பில் கத்தி படவில்லைதான். வாராவாரம் வீட்டில் அடிபடும் அந்த விஷயம் எங்கள் இரண்டு பேருக்கும் அங்கே நினைவுக்கு வரவில்லை. கூட வந்திருந்தால் நாத்தனார் சொல்லியிருப்பார். அவர்தான் கோபித்துக்கொண்டு வரவில்லையே.

சில வாரம் கழித்துக் கூப்பிட்டு, மறுபடி ரத்தம் வேண்டும் என்றார்கள். ரத்தம் பிடித்த குழாய் மாறிவிட்டது போலிருக்கிறது, வந்தது ஒரு பெண்ணுடைய ரத்தமாக இருக்கிறது என்றார்கள். நாங்கள் சிரித்தோம். "பார்த்தீங்களா, எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரின்னாலும் இதுதான் லட்சணம்" என்றேன். கொடுத்துவிட்டு வந்தோம். மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை ஆலோசகரின் முகத்தில் அந்தப் பொறுமை இல்லை.

"ரெண்டாவது தடவை நானே பக்கத்துல நின்னு எடுக்க வெச்சேன். மாறவே வாய்ப்பில்ல. ஆனா இதுலயும் பெண்ணோட ரத்தம்னுதான் வருது. ரெண்டு தடவையும் அந்தப் பிழையும் இருக்கு. எனக்கு ஒண்ணுமே புரியல சார்" என்றவர், திடீரென்று பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எப்பவாவது, சின்ன வயசுல, யாராவது மஜ்ஜை குடுத்திருக்காங்களா?"

"அது எங்கக்கா குடுத்தாங்க" என்றார் இவர், சாதாரணமாக.

அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். எங்களுக்கு அப்போதும் புரியவில்லை. அவர் ஒரு காகிதத்தில் ஆள் படம் போட்டு விளக்கினார். மஜ்ஜை யாருடையதோ ரத்தமும் அவருடையதாகவே ஆயுள் முழுக்க ஊறும். இவர் கையில் ஊசி குத்தி எடுத்தது இவருடைய ரத்தம் இல்லை, அக்காவுடையது. பிழை இருக்கிறது என்று வந்தது இவருக்கு அல்ல. வேண்டாம் என்று பையை மாட்டிக்கொண்டு எழுந்து போனாரே, அவருக்கு.

கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டேன். அப்படியானால் இத்தனை வருஷமாக நான் யாரோடு குடும்பம் நடத்துகிறேன்? என் மகள் யாருடைய மகள்? அவளுக்கு அப்பா வழியாக வந்தது அத்தையா? ஆலோசகர் சிரிக்கவில்லை. ரத்தம் மட்டும்தான் அக்காவுடையது, தோலும் சதையும் மற்றதெல்லாம் இவருடையவைதான், மகளுக்குப் போனதும் இவருடையதுதான் என்றார். அக்காவின் ரத்தம் ஓடுவதால் அந்தப் பிழை இவருடைய மற்ற உறுப்புகளுக்குத் தாவாது என்றும் சொன்னார். இவருக்கு உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கையிலிருந்து துளி தோல் எடுத்தால் போதும். எடுத்தார்கள்.

"நான் உங்ககிட்ட சொல்லியிருக்கவே கூடாது. அது அவங்களோட ரிசல்ட். அவங்களா கேட்டு வராம நாங்க அவங்ககிட்ட சொல்ல முடியாது" என்றார் அந்தப் பெண். "நீங்க என்ன பண்றதுன்னு... எனக்கு நிஜமாவே தெரியல. மேல கேட்டுட்டுச் சொல்றேன்."

மேலே கேட்டதில் என்ன வந்தது? அக்கா மறுபடி ஆலோசனைக்கு வரலாம் என்று மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள், முடிவை மட்டும் சொல்லாதீர்கள் என்று வந்தது. முடிவைச் சொல்லாமல் எப்படி எடுத்துச் சொல்வது? "அண்ணி, சும்மா ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்" என்றா? அவர் என்ன, இன்று நேற்றா கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறார்?

வீட்டில் எங்களுக்குள் பெரிய சண்டை. சொல்லிவிட வேண்டும் என்றேன் நான். உயிர் விஷயம், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்து நாளைக்கு அவருக்கு ஒன்று என்றால் யார் முகத்தில் விழிப்பது? வேண்டாம் என்று சொன்னவளிடம் போய் எப்படிச் சொல்வது என்றார் இவர். அக்கா தனக்கென்று கேட்டது அந்த ஒன்றுதானே, அதையும் பிடுங்கவா என்றார். இரண்டு நாள் கழித்து, சொல்லிவிடலாம் என்று இவர் வந்தார். அதற்குள் நான் மனசு மாறியிருந்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. இப்படி மாறி மாறிக் கட்சி தாவினோமே தவிர, ஒரு நாள்கூட இருவரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் எது சரி என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் நரகமாகிப்போயின. நாத்தனார் வழக்கம்போல வந்தார், ஃபிரிட்ஜைத் திறந்தார், முகர்ந்தார். "இது எப்ப செஞ்சது?" என்றார். "நேத்துதான் அண்ணி. வேண்டாம்னா கொட்டிடவா?" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். இன்னொரு வாரம் ஜன்னல் திரையைக் காட்டி, "இந்தக் கலரைப் போய் எவடி வாங்குவா?" என்றார். கடை கடையாக ஏறி இறங்கி நான் ஆசையாக வாங்கிய திரை அது. "மாத்திடலாம் அண்ணி" என்றேன். காபியை அவருக்குப் பெரிய டம்ளரில் கொடுத்தேன். நாற்காலியை மின்விசிறிக்கு அடியில் இழுத்துப் போட்டேன். "உங்களுக்கு முதுகு வலிக்குதா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்கு அழுகை முட்டியது. சண்டை போட வாயே வரவில்லை. என் வீட்டுக்காரர் இன்னும் மோசம். அக்கா ஏதோ பேச்சில், "ஓடுறது என் ரத்தம்டா" என்றதும் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். எப்போதும் சிரிக்கிற பேச்சு. நாத்தனார் குளியலறைக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்று சீக்கிரமே கிளம்பிப் போனார்.

அந்த வாரத்திலேயே தோல் சோதனையின் முடிவு வந்தது. இவருக்குப் பிழை இல்லை. ஆகவே மகளுக்கும் அந்தப் பக்கமிருந்து வர வழியில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஏஜென்ஸியில் எல்லார் முன்னாலும் துள்ளினேன். அவ்வளவு சந்தோஷம். துள்ளி முடித்ததும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. கொடுத்தவருக்கு இருக்கிறது, வாங்கியவருக்கு இல்லை. இதில் நான் துள்ளுகிறேன். அடுத்து வந்த போனில் ஒருவர் சிலிண்டருக்காகக் கத்தினார். கத்தட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் நாத்தனார் போன் செய்தார். "உன் குடையை பஸ்ல விட்டுட்ட போல. கண்டக்டர் கொண்டுவந்து போட்டிருக்கான். வந்து வாங்கிக்க." குடையைத் தொலைத்ததே எனக்குத் தெரியாது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனேன்.

அறையில் வேறு யாரும் இல்லை. ரேக்கில் குடைகள் வரிசையாகத் தொங்கின. நான் கவுன்டருக்கு வெளியே நின்றேன். அவர் குடையைப் பற்றிப் பேசவில்லை. எழுந்தார், கவுன்டரின் பலகையைத் தூக்கினார், என் பக்கம் வெளியே வந்தார். பொருளைத் தேடி வருகிறவர்கள் நிற்கும் இடத்தில், என் எதிரே நின்றார்.

"என்னோட பொருள் ஒண்ணு உங்ககிட்ட இருக்கு" என்றார்.

"என்ன அண்ணி?" என்றேன், ஒன்றும் தெரியாதவளைப் போல.

"நடிக்காதடி. அந்தத் திரையை நான் திட்டி நீ சும்மா இருக்கேன்னா, ஒண்ணு நீ சாகப் போற, இல்ல நான் சாகப் போறேன். உன்னைப் பார்த்தா நல்லாதான் இருக்க." மூச்சு வாங்கினார். "அவன் கையில ரத்தம் எடுத்தாங்க இல்ல? அது யாரோட ரத்தம்? இத்தனை வருஷமா வாய் வலிக்கச் சொல்லிக்கிட்டிருக்கேன். ஒருத்தர் காதுலயும் ஏறல."

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்களே அண்ணி."

"சொன்னேன். இப்ப கேட்டு வந்திருக்கேன். உள்ள என்ன இருக்குன்னு நானே சொல்றேன். சரியா இருந்தா குடு." கவுன்டரின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "அம்மாவோடது."

தலையாட்டினேன்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என் தோளை இறுக்கிப் பிடித்தார், வலித்தது. "நான் குடுத்ததுல அவனுக்கும் போயிடுச்சாடி? அதை மட்டும் சொல்லு. குடுக்கும்போது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் எதைச் சுமந்துகொண்டு ரேக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார் என்று. தனக்கு வருமா என்பதில்லை அவர் பயம். தம்பியைப் பிழைக்க வைக்கக் கொடுத்ததிலேயே நோயையும் கொடுத்துவிட்டோமோ என்பதுதான். நாங்கள் இருவரும் கட்சி மாறி மாறிச் சண்டை போட்டோமே, இது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"இல்ல அண்ணி. போகல. அது தாவாது. அவருக்குத் தோல்ல எடுத்துப் பார்த்துட்டாங்க. இல்ல. உங்க மருமகளுக்கும் இல்ல. நீங்க குடுத்தது உயிரை மட்டும்தான்." எப்படியோ சொல்லி முடித்தேன்.

பிடி தளர்ந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையைத் தூக்கி உள்ளே போனார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"அந்தப் பொண்ணுகிட்ட போன் பண்ணு. எப்ப வரணும்னு கேளு. நீயும் கூட வா. எனக்கு இதெல்லாம் கேட்டா புரியாது."

"எனக்கும்தான் புரியல அண்ணி."

"ரெண்டு பேருமா புரியாம உக்காந்திருப்போம். இன்னொண்ணு. இனிமே என்கிட்ட மரியாதையா பேசினே, கொன்னுடுவேன். அந்த டம்ளரை எல்லாம் பழையபடி சின்னதா வை."

"முதல்ல என் குடையைக் குடுங்க. லஞ்ச் டைம் முடியப் போகுது" என்றேன். கொஞ்சம் எரிச்சலைக் கலந்தே சொன்னேன். அவருக்கு அது பிடித்தது.

"என்ன கலர்?"

"கறுப்பு."

அவர் தொங்கிக்கொண்டிருந்த குடைகளைக் கையால் காட்டினார். அத்தனையும் கறுப்பு. "வேற அடையாளம் சொல்லு. சொன்னாதான் குடுப்பேன்."

நான் அங்கேயே நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தேன். தினமும் கையில் பிடிக்கிற குடை. அது எப்படி இருக்கும் என்று எனக்குச் சுத்தமாக நினைவுக்கு வரவில்லை.